இரண்டு தட்டினால் மிதி

சுவரோரப் பின்சக்கரம் கால் சுற்று சுற்றி நின்றது.

அவன் காருக்கு அடியில், பிரித்து விரித்த அட்டைப்பெட்டியின் மேல் மல்லாந்து கிடந்தான். கைகள் இரண்டும் மார்பின் மேல் இருந்தன, கால் எதிலும் படவில்லை. சக்கரம் சுற்றியதை அவன் நேராகப் பார்க்கவும் இல்லை. டயரின் பள்ளத்தில் சிக்கியிருந்த ஒரு வெள்ளைக் கல், கீழே இருந்து மெதுவாக மேலேறிப் போனது கடைக்கண்ணில் பட்டது, அவ்வளவுதான். கொட்டகையின் தகரக் கூரை மேல் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை, ஆனாலும் காருக்கு அடியில் விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டியிருந்தது.

ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய காரின் சக்கரம் கொஞ்சம் அசைந்தால்தான் என்ன என்று நினைக்க ஆசைப்பட்டான். ஆனால் பின்சக்கரங்கள் இரண்டையும் சுற்ற வைக்கிற பழைய டிஃபரன்ஷியலைக் கழற்றிவிட்டு வேறொன்றைக் காலையில் மாட்டியது அவன்தான். அதன் குணம் அவனுக்குத் தெரியும். நடுவில் உள்ள தகடு சுற்றாமல் இருக்கும்போது ஒரு பின்சக்கரத்தை உருட்டினால் மற்றது எதிர்த்திசையில் உருளும். ஒன்று மட்டும் தனியாகச் சுற்றாது. நடுத்தகட்டில் அவன் சாக்பீஸால் இழுத்த கோடு இழுத்த இடத்திலேயே இருந்தது. சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு ஜாண்தான் இடைவெளி, அங்கே ஆள் நுழைய வழியில்லை. அப்படியென்றால் யாரோ இந்தப் பக்கச் சக்கரத்தை உருட்டியிருக்க வேண்டும்.

தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தான். சக்கரம் இருந்தது. அதற்கப்பால் ஈரத் தரை, அதற்கப்பால் மழை.

"பூனையா இருக்கும்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். சக்கரம் உருட்டுகிற பூனையை அவன் எங்கும் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் அப்படிச் சொல்லிக்கொண்டதில் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால் இதே கொட்டகையில், இதே காருக்கு அடியில்தான் அவன் தம்பி செத்துப்போனான். கார் தம்பியுடையது. கிளப்பினால் முனகும், மேட்டைக் கண்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்பதால் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தான். மெக்கானிக் வேலையில் அவனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பொறுமையில் அவனுக்குப் பின்னால் நிற்கவும் ஆள் கிடையாது. பல் விளக்கிக்கொண்டே சட்டை போடுகிற பிறவி. கியர் பாக்ஸ் போய்விட்டது, டிஃபரன்ஷியல் ஊளையிடுகிறது, இரண்டையும் வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று ஒரு ஜாக்கியையும் இரண்டு மரக்கட்டைகளையும் நம்பி அடியில் புகுந்தான். கார் இறங்கிவிட்டது.

அந்த நேரத்தில் தான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்ததாக, அண்ணனான அவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். போலீஸ்காரர் அதை எழுதிக்கொண்டார். சொந்தபந்தம் நம்பியது. தம்பி மனைவி மட்டும் இந்த ஏழு மாதத்தில் மூன்று முறை, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் கேட்டாள்:

"டீ போட எவ்வளவு நேரம் ஆச்சு மாமா?"

கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள். குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள், துணி மடித்துக்கொண்டிருப்பாள். அவனும் ஒவ்வொரு முறையும், "அஞ்சு நிமிஷம் இருக்கும்மா," என்பான். அன்று இரவு தூக்கம் வராது.

அவள் நர்ஸ். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, நாளைக்குச் சேர வேண்டும், கார் இல்லாமல் முடியாது. "அவரு ஆரம்பிச்சது. நீங்களே முடிச்சுக் குடுங்க மாமா. வேற யாரும் கை வைக்க வேண்டாம்," என்றாள். அவனும் சரி என்றான். கடைசல் பட்டறையில் இருபது வருடம் இரும்போடு மாரடித்தவனுக்கு இது செய்யமுடியாத வேலை இல்லை. அதைவிட, இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் வந்து காரை ஓட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டால், அதைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிற தண்டனை முடிந்துவிடும் என்று நம்பினான்.

தம்பி செய்த தப்பை அவன் செய்யவில்லை. நான்கு மூலையிலும் நான்கு இரும்பு ஸ்டாண்ட், பக்கத்தில் மரக்கட்டை. தோளைக் கொடுத்து எல்லாப் பக்கமும் தள்ளிப் பார்த்தான். மாமியார் இம்மியும் அசையவில்லை.

இப்போது கியர் பாக்ஸ் பாக்கி. பழைய இரும்புக் கடையில் வாங்கிய பெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியும் பழைய கியர் ஆயிலின் வாடை போகவில்லை. அழுகிய முட்டையும் கருகிய ரப்பரும் கலந்த அந்த வாடை மழை ஈரத்தோடு சேர்ந்து நாக்கின் அடி வரைக்கும் இறங்கியிருந்தது. சின்ன ஜாக்கியின் மேல் பெட்டியை வைத்து ஏற்றி, இஞ்ச் இஞ்சாக முன்னால் தள்ளினான். பெட்டியின் மூக்கு கிளட்ச் தட்டுக்குள் நுழைந்தது. கடைசி ஒரு விரற்கடை மட்டும் போகமாட்டேன் என்று நின்றுவிட்டது.

அன்றைக்கும் அந்த விரற்கடைதான் நின்றது. யாராவது மேலே சீட்டில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தால் தட்டு இளகும், பெட்டி தானாக உள்ளே போய்விடும். அன்றைக்கு மிதித்தது அவன். அன்றைக்கும் மழை. தகரத்தின் மேல் மழை பெய்தால் அடியிலிருந்து கத்துவது மேலே கேட்காது என்று தம்பி ஒரு ஏற்பாடு செய்திருந்தான். இரண்டு தட்டு தட்டினால் மிதி. ஒரு தட்டு தட்டினால் விடு. அதற்கு மேல் எதுவும் அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

இன்று மிதிக்க ஆள் இல்லை. அதனால் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக் கொடுக்க ஒரு குச்சியை அளவாக அறுத்து வைத்திருந்தான். அதற்கு முன்னால் இன்னொரு முறை தட்டிப் பார்க்கலாம் என்று மரச்சுத்தியை எடுத்துப் பெட்டியின் முதுகில் போட்டான்.

டொக். டொக்.

பெடலிலிருந்து கீழே வரும் கம்பி நகர்ந்தது. கிளட்ச்சைத் தள்ளுகிற கவட்டை சாய்ந்தது. பெட்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கி உள்ளே போய்ப் பொருந்தியது.

"அப்பாடா," என்றான். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஏழு மாதத்தில் முதல் சந்தோஷம். முகத்தைத் துடைத்துக்கொள்ளத் துணியைத் தேடினான். தலைமாட்டில் துணி இருந்தது. துணியின் மேல் குச்சி இருந்தது.

அவன் அறுத்து வைத்த குச்சி. இன்னும் பெடலில் முட்டுக் கொடுக்காத குச்சி.

கம்பியைப் பார்த்தான். இழுபட்டே நின்றது. மிதித்த கால் இன்னும் எடுக்கப்படவில்லை.

 சுத்தி விரலிலிருந்து நழுவிப் பெட்டியில் பட்டுக் கீழே விழுந்தது.

டொக்.

கம்பி பழைய இடத்துக்குத் திரும்பியது. மெதுவாக. பழக்கப்பட்ட கால், கிளட்ச்சை எடுக்கிற பக்குவத்தோடு.

தலைக்கு மேலே சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. கியர் கம்பி வர வேண்டிய ஓட்டை வழியாகக் காருக்குள்ளிருந்து ஒரு வாசனை இறங்கி, ஆயில் வாடையைத் தள்ளிக்கொண்டு வந்தது. கிராம்பு. பல்வலி என்று ஆரம்பித்து, வலி போன பிறகும் தம்பி விடாமல் மென்றுகொண்டிருந்த கிராம்பு. 

வெளியே போக ஒரே வழிதான். ஒரு பக்கம் சுவர். பின்னால் கழற்றிப்போட்ட பழைய பெட்டியும் இரும்புச் சாமான்களும். ஓட்டுகிறவர் கதவுக்குக் கீழேதான் உருண்டு வெளியே வர வேண்டும். அந்தக் கதவுக்குப் பக்கத்தில், சீட்டில், அது உட்கார்ந்திருந்தது.

உட்கார்ந்திருக்கட்டும் என்று நினைத்தான். உட்கார்ந்தே இருக்கட்டும். இறங்காமல் இருந்தால் போதும். ஏனென்றால் இறங்கினால் என்ன ஆகும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அன்றைக்குத் தம்பி இரண்டு தட்டினான், அவன் மிதித்தான். ஒன்று தட்டினான், விட்டான். அப்புறம் அவன் போன் அடித்தது. பட்டறையிலிருந்து, பீரோ சாவி எங்கே என்று கேட்க. அதே நேரத்தில் அடியிலிருந்து தட்டு வர ஆரம்பித்தது. இரண்டில்லை, ஒன்றில்லை, விடாத தட்டு, டொக்டொக்டொக்டொக் என்று. பொறுமையில்லாத பயல் அவசரப்படுத்துகிறான் என்று நினைத்தான். "ஒரு நிமிஷம்டா," என்று சொல்லிவிட்டு இறங்கினான். அந்தக் கதவு அறைந்தால்தான் பூட்டும். அகலத் திறந்து இழுத்து அறைந்தான், அந்த அதிர்வில் கார் இறங்கியது. ஜாக்கி வழுக்குகிறது, அசையாதே என்று சொல்லத்தான் தம்பி தட்டினான் என்பது, தட்டு நின்ற பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

மேலே போன் அடித்தது.

அவனுடைய போன். கிரீஸ் படாமல் இருக்கட்டும் என்று அவன்தான் சீட்டில் வைத்திருந்தான். ஓட்டை வழியாக அதன் நீல வெளிச்சம் தெரிந்தது. மூன்று முறை அடித்தது. நான்காவது முறை வெளிச்சம் சீட்டைவிட்டு மேலெழும்பியது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

அதன் காதுப் பக்கம் கெட்டு ஒரு மாதமாகிறது, எந்த அழைப்பும் ஸ்பீக்கரில்தான் வரும். தம்பி மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மாமா, வேலை முடிஞ்சுதா? மழை விட்டபாடில்ல, நான் இப்பவே கிளம்பி வரவா?"

 பிறகு சீட்டிலிருந்து, பேச்சுக்கு முன்னால் தம்பி எப்போதும் செய்கிற கனைப்பு.



"ஏங்க?" என்றாள்.

அவள் அவனை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்படி அவள் கூப்பிட்டது ஒரே ஒருவனைத்தான்.

"ஏங்க... நீங்களா?"

 அவன் ஓட்டையைப் பார்த்துக் கத்தினான். வந்தது பாதிக் குரல்தான்.

"இறங்காதடா. டேய், இறங்காத. நான் டீ போடலடா. சீட்டுலதான் இருந்தேன். நான்தான் இறங்கினேன். நீ தட்டினது கேட்டுச்சு. கேட்டும் இறங்கினேன். மன்னிச்சிரு. அங்கயே இரு."

மழை பெய்தது.  கேட்டுக்கொண்டிருப்பது ஒருவர் அல்ல, இரண்டு பேர் என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

போனிலிருந்து அவள் குரல் வந்தது. அழுகை இல்லை. கோபம்கூட இல்லை. துணி மடிக்கும்போது கேட்பாளே, அந்தக் குரல்.

"இறங்கி வாங்க," என்றாள்.

சீட்டின் ஸ்பிரிங் எழுந்தது. பாரம் குறைந்த பக்கம் கார் மேலேறியது. இம்மியும் அசையாத கார். கதவோரத்து ஸ்டாண்டின் ஒரு கால் தரையை விட்டு நகக்கண் அளவு எழும்பியது. அப்படியே நின்றது.

கதவு திறந்தது.

ஒரு பாதம் இறங்கியது. பிறகு இன்னொன்று. செருப்பில்லை. குதிகால் வெடிப்புகளில் கறுப்பாகக் கிரீஸ். விரல்கள் அவனுக்கு முதுகு காட்டி, வெளியே பார்த்து நின்றன.

அவன் கை தரையில் துழாவியது. ஸ்பேனர் அகப்பட்டது. பெட்டியில் தட்டினான். இரண்டில்லை. ஒன்றில்லை. டொக்டொக்டொக்டொக். விடாமல்.

"ஒரு நிமிஷம்ணே," என்றது மேலே.

அவன் தட்டினான். ஸ்டாண்டின் கால் அந்தரத்தில் நடுங்கியது. தட்டினான். பாதங்கள் ஓர் அடி விலகி நின்றன. அவற்றுக்கு மேலே, அறைந்தால்தான் பூட்டுகிற அந்தக் கதவு, முழுக் கையளவுக்கும் அகல அகலத் திறந்துகொண்டே போனது.