படத்துக்கு மேலும் கீழும்

முதலில் கண்ணில் பட்டது பாதங்களா, தலைமுடியா என்று கேட்டால் அவளால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. பாதங்கள்தான் என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, அதற்கு முன்பே மேலே எதையோ பார்த்துவிட்டு, திரைச்சீலையின் மடிப்பு என்று நினைத்துத் தைப்பதற்குக் குனிந்துவிட்டோம் என்று மறுநாள் தோன்றும். அந்த இடத்தில் நினைவு நைந்த துணி மாதிரி. ஊசி குத்தினால் தையல் நிற்பதில்லை. எல்லாம் புதுப் பெட்டி வந்த பிறகுதான் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

பழைய கேபிள் பெட்டிகளில் இனிமேல் படம் வராது, எல்லாருக்கும் ஹெச்.டி. பெட்டிதான் என்று சொல்லிக்கொண்டு கேபிள்காரர் ஒரு காலையில் வந்தார். அவளுடைய அண்ணனின் கட்டிலுக்கு எதிரே, மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு, பின்பக்கம் பானை போலப் பிதுங்கி உட்கார்ந்திருந்த டிவியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுப் பெட்டியின் வயரைச் செருக அதில் துளையே கிடையாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று முனைகள் உள்ள பழைய வயர் ஒன்றைப் பையின் அடியிலிருந்து தேடி எடுத்தார்.

"புது மாப்பிள்ளையைக் கொண்டுவந்து கிழவிக்குக் கட்டி வைக்கிற மாதிரி இருக்கு அக்கா," என்றார்.

"கிழவி ஏற்கெனவே மூணு மாப்பிள்ளைய முழுங்கிட்டுத்தான் நிக்கிறா. நீ வயரை மாட்டுப்பா," என்றான் கட்டிலில் கிடந்த அண்ணன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவனுடைய வலது பக்கம் அசைவதில்லை. வாய் மட்டும் பழைய வாய். அவளுக்குத் தையல் வேலை. பேன்ட்டின் நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், இடுப்பைப் பிரித்து விடுவாள். தையல் மெஷினை அவன் அறையிலேயே போட்டிருந்தாள். அவனுக்கு அவளையும் அவளுக்கு அவனையும் விட்டால் வேறு யாரும் இல்லை. இந்த மெஷின் சத்தத்தில் அவன் மூச்சு நின்றுபோனதுகூடத் தெரியாமல் தைத்துக்கொண்டே இருந்துவிடுவோமோ என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே பயம். அதனால் ஒவ்வொரு தையல் முடியும்போதும் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாள்.

புதுப் படம் அகலமானது, பழைய திரை ஏறக்குறைய சதுரம். இரண்டு ஓரங்களும் திரைக்கு வெளியே போய்விட்டன. கிரிக்கெட் ஆட்டத்தின் ஸ்கோரில் பாதி தெரியவில்லை. யார் ஜெயிக்கிறான் என்று எதிர்வீட்டில் போய் விசாரித்துவிட்டு வா என்று அண்ணன் நச்சரித்தான். ரிமோட்டை வைத்துக்கொண்டு பெட்டியின் அமைப்புகளுக்குள் நுழைந்து, ஏதேதோ தட்டி, கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். படம் சுருங்கி முழுதாக வந்தது. மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒரு கறுப்புப் பட்டை. படம் இவ்வளவு சின்னதாகிவிட்டதே என்றாள்.

"சின்னதா இருந்தா என்ன, நான் என்ன அதுக்குள்ள போய்க் குடித்தனமா நடத்தப்போறேன்," என்றான் அண்ணன். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நாளாகியிருந்தது.

வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்பதால் பகலிலும் ஜன்னலை மூடித் திரைச்சீலையை இழுத்துவிட்டு, டியூப்லைட்டைப் போட்டுவைத்திருப்பார்கள். மருந்தும், இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்ட துணியும், மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை அந்த அறையில் எப்போதும் இருக்கும். முன்பெல்லாம் படம் திரையை முழுதும் நிறைத்திருந்ததால் அதன் புடைத்த கண்ணாடியில் அறை தெரிந்ததே இல்லை. இப்போது அந்த இரண்டு பட்டைகளில் மட்டும் தெரிந்தது. மேல் பட்டையில் கூரையும், மின்விசிறியும், திரைச்சீலை தொங்கும் கம்பியும். கீழ்ப் பட்டையில் தரை, கட்டிலின் கால்கள், மெஷினின் மிதி, மிதிமேல் அவளுடைய பாதங்கள்.

கட்டிலுக்குப் பின்னால், சுவரோரமாக, இன்னும் இரண்டு பாதங்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைக்கத்தான் இடம் இருந்தது. எழுந்துபோய்க் குனிந்தும் பார்த்தாள். தூசியும் ஒரு மாத்திரை உறையும் கிடந்தன. வந்து உட்கார்ந்து மறுபடி திரையைப் பார்த்தாள். பாதங்கள் அங்கேயே இருந்தன. வெளுத்து, நீளமாக, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி. டிவிக் கண்ணாடிக்குப் பூ விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஒரு ஜிப்பைத் தைத்து முடித்தாள். அது கோணலாகப் போயிருந்தது.

மேல் பட்டையில், திரைச்சீலைக் கம்பிக்குச் சற்றுக் கீழே, வகிடு எடுத்த ஒரு உச்சந்தலை தெரிந்தது. அந்தக் கம்பியில் சீலை மாட்ட அவளுக்கு ஏணி வேண்டும். உச்சந்தலைக்கும் பாதங்களுக்கும் நடுவே இருந்ததையெல்லாம் படம் மறைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் செய்தி வாசிக்கிற பெண் புன்னகையோடு வானிலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணனிடம் சொல்லலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே, அவன் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சலித்துக்கொண்டான்.

"தலைமாட்டுல நின்னுக்கிட்டு என்னடி பண்றே? உன் மூச்சு என் மேல படுது. போய் வேலையப் பாரு."

அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். "சரிண்ணா," என்றாள்.

அன்று மாலையே படத்தைப் பழையபடி திரை நிறைய மாற்றினாள். பட்டைகள் போய்விட்டன. ஓரம் வெட்டுப்பட்டது என்று அண்ணன் திட்டினான். அந்தத் திட்டு காதுக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் மதியத்துக்குள் அவன் மூச்சு மாறிவிட்டது. இழுத்து, நின்று, யோசித்து, மறுபடி இழுத்தது. அவள் ரிமோட்டைத் தட்டிப் பட்டைகளைக் கொண்டுவந்தாள். பாதங்கள் சுவரோரம் இல்லை. கட்டிலைச் சுற்றிவந்து இந்தப் பக்கம், தலையணைக்கு அருகே நின்றன. அவள் பார்க்கப் பார்க்க அவனுடைய மூச்சு மெல்ல மெல்லச் சீரானது.

பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகராது. அவள் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

அதன் பிறகு டிவியை அணைக்கவில்லை. அணைத்தால் திரை முழுதும் கறுத்துவிடும். நடுவில் இருப்பதும் தெரியும். மேலே துணி போட்டு மூடவும் துணிவு வரவில்லை. மூடினால் அது எங்கே நிற்கிறது என்று தெரியாது. மெஷினை விட்டுவிட்டு நாற்காலியைத் திரைக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். துணிகள் குவிந்தன. கதவைத் தட்டியவர்களிடம் உடம்பு சரியில்லை என்று உள்ளிருந்தே சொன்னாள். உட்கார்ந்தபடி கண்ணயர்ந்து திடுக்கிட்டு விழிக்கும் ஒவ்வொரு தடவையும் பாதங்கள் கட்டிலை இன்னும் நெருங்கியிருந்தன. அவற்றின் விரல்கள் கட்டிலுக்கு அடியில் நுழைந்திருந்தன.

ஒரு மதியம் கண்ணயர்ந்து விழித்தபோது மேல் பட்டையில் உச்சந்தலை இல்லை.

போய்விட்டது என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது. கீழே பார்த்தாள். பாதங்கள் இருந்தன. அதே இடத்தில். நிற்கிறது, ஆனால் தலை மேலே இல்லை.

குனிந்திருக்கிறது.

அண்ணன் கண்ணை மூடியிருந்தான். அவள் பாய்ந்து போய் அவன்மேல் கவிழ்ந்துகொண்டாள். அவள் முதுகில் எதுவும் படவில்லை. குளிர்ச்சி மட்டும். "என்னடி," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "பேசிட்டிருக்கோம்ல."



அந்த நேரத்தில் பெட்டி உறைந்தது. இடைவிடாமல் ஓடிய சூட்டில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, பாதிச் சிரிப்போடு ஒரு முகம் அப்படியே நின்றது. கேபிள்காரருக்குப் போன் செய்தது அவள்தான். படம் போனால் திரை இருட்டாகிவிடும் என்ற பயத்தில், எதையும் அணைக்காமல் சரிசெய்ய வேண்டும் என்றாள். அவர் வந்து பெட்டியின்மேல் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார்.

"தோசை சுடலாம் போலிருக்கே. நீங்க அணைக்கிறதே இல்லையா? ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடும்."

"வேண்டாம்ப்பா. எவ்வளவு கேட்டாலும் தர்றேன். அணைக்காதே."

"ரெண்டே நிமிஷம் அக்கா," என்றார். அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. சுவிட்சைத் தட்டினார்.

திரை கறுத்தது.

முழு அறையும் அதில் இருந்தது. புடைத்த கண்ணாடியில் வளைந்து, சிறுத்து, தெளிவாக. குனிந்திருக்கும் கேபிள்காரர். வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் அவள். பின்னால் கட்டில். கட்டிலின்மேல் வளைந்திருந்த அந்த நீண்ட முதுகு. அதன் வாய் அண்ணனின் காதோடு ஒட்டியிருந்தது. கண்ணாடியில் அண்ணன் கண்ணைத் திறந்திருந்தான். கேட்டுக்கொண்டிருந்தான். வலது பக்கமும் சேர்ந்து, முகம் முழுவதும் சிரித்தான். பிறகு போர்வையை விலக்கி, வலது காலை முதலில் தரையில் வைத்தான்.

அவள் திரும்பினாள். கட்டிலில் அண்ணன் அசையாமல் கிடந்தான். அவள் காது கொடுத்தாள். மெஷின் ஓடவில்லை, டிவி ஓடவில்லை. அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

கேபிள்காரரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையை எடுக்காமலே போனார்.

அண்ணனை மறுநாள் எடுத்துக்கொண்டு போனார்கள். கேபிள்காரர் அந்த வேலையை விட்டுவிட்டார். இப்போது தன் வீட்டுக் கண்ணாடிகளைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார் என்று அவருக்குப் பதிலாகப் புதிதாக வந்தவர் வாசலில் நின்றபடி சொன்னார். அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். தைப்பதில்லை. டிவி ஓடுகிறது, அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறாள்.

கீழ்ப் பட்டையில் அவளுடைய பாதங்கள். நாற்காலிக்குப் பின்னால், பக்கம் பக்கமாக, இன்னும் இரண்டு ஜோடி. ஒரு ஜோடியை அவளுக்கு நன்றாகத் தெரியும். நகம் வெட்டிவிட்டதே அவள்தான்.

நேற்று மாலையிலிருந்து மேல் பட்டையில் உச்சந்தலை இல்லை.