பச்சைக் கோடு

"என் விமானத்துல ஒரு நட்டு தளர்ந்தா போதும் மாப்ளே, செத்துப்போனவர் எழுந்து வந்து முடுக்கிட்டுப் போறார்!"

பஸ் பட்டறையில் ஓய்வு பெற்ற அத்தான் இதைச் சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். லாரியைத் தும்மியே கிளப்பியதாகச் சொல்லித் திரிந்த வாய் அது. விமானங்களுக்குத் தகுதிச் சான்று தரும் அதிகாரியான மச்சினன் சிரிக்கவில்லை. விமானம் நின்ற கொட்டகைக்குள் காலை வைத்ததுமே ஈரப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியிருந்தது. சுற்றிலும் திறந்த பெயிண்ட் டப்பா ஒன்றுகூட இல்லை.

யாரோ ஒரு வாத்தியார் தன் வீட்டுக் கொல்லையில் சொந்தக் கையால் கட்டிய குட்டி விமானம். மனுஷன் பறக்காமலே போய்ச் சேர்ந்தார். அத்தான் அதை அவர் மனைவியிடம் வாங்கி, துருவைச் சுரண்டி, முக்கால்வாசியை மாற்றி, கையோடு பெயர்த் தகட்டிலும் தன் பெயரைப் பொறித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்காவை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டும். அதற்கு மச்சினன் கையெழுத்துப் போட வேண்டும்.

"பழைய தகட்டையே மாட்டுங்க அத்தான். நீங்க எத்தனை பாகம் மாத்தினாலும் சட்டப்படி கட்டினவர் அவர்தான்."

"ஆளே போயிட்டாரேப்பா!"

"போனாலும் அவர்தான்."

வால் பக்கம் ஏதோ 'டிக்' என்றது. கூரைத் தகரமாக இருக்கும்.

ஒவ்வொரு நட்டிலிருந்தும் அடிச்சட்டத்துக்கு மெல்லிய பச்சைக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. முடுக்கிச் சரிபார்த்தவர் இழுக்கும் அடையாளம் அது. நட்டு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"நான் போட்டது சிவப்பு. விடிஞ்சு பார்த்தா பச்சை. வாத்தியாருக்குப் பச்சைதான் பிடிக்குமாம்."

"அக்கா உயிர் விஷயம். விளையாடாதீங்க."

"என் மேல சத்தியம்! வேண்டாம், உன் மேல சத்தியம்!" என்றபடி அத்தான் டீ கொண்டுவரப் போனார்.

அதிகாரி வாலுக்குள் தவழ்ந்தார். தோள் இரண்டும் உரசும் குறுகல். பழைய பசையும் எண்ணெயும் கலந்த புழுக்கம். டார்ச் வெளிச்சத்தில் வளைசட்டங்களின் நிழல்கள் விலா எலும்புகளாய் நீண்டு, அவர் மூச்சோடு சேர்ந்து விரிவதும் சுருங்குவதும் போலிருந்தது. புளுகை இன்றோடு முடிப்பதென்று ஸ்பேனரை வைத்து ஒரு நட்டை அரைத் திருப்பு தளர்த்தினார். பச்சைக் கோடு உடைந்தது.

"வாங்க வாத்தியாரே, வந்து முடுக்குங்க."

எதிர்ப்பக்கக் கம்பியைப் பார்க்கத் திரும்பினார்.

முதுகுக்குப் பின்னால், கிர்ர். கிர்ர்.

"அத்தான்?"

அத்தானின் குரல் தூரத்தில், சமையலறையில், சர்க்கரைக்காக அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

மெல்லத் தலையைத் திருப்பினார். நட்டு இறுகியிருந்தது. கோடு புதிதாக, ஈரமாக மின்னியது.

டார்ச் அணைந்தது.

பின்னால் நகர இடமில்லை. பக்கத்தில் ஒரு மூச்சு, வேலையில் மூழ்கியவனின் நிதானமான மூச்சு. மணிக்கட்டில் குளிர்ந்த இரும்பு கவ்வியது. கிர்ர். உள்ளே எலும்பு ஒரு மயிரிழை இறுகியது. அப்புறம் தூரிகையின் ஈரம். முழங்கை. கிர்ர். முழங்கால். கிர்ர். தாடைக்குக் கீழே.

கிர்ர்.

"மாப்ளே! டீ ஆறுது! உள்ளேயே குடித்தனம் பண்றியா?" அத்தான் குனிந்து விளக்கை உள்ளே நீட்டினார். "என்ன, வாத்தியார் வந்தாரா?"

அதிகாரி அசையவில்லை. விரல் கணுக்களில், மணிக்கட்டில், தாடையிலிருந்து கழுத்துக்கு, காயாத பச்சைக் கோடுகள். ஒன்றுகூட உடையவில்லை. அத்தானின் சிரிப்பு பாதியில் நின்றது. விளக்கைப் பிடித்திருந்த அவர் கட்டைவிரலின் மேல், யாரும் இழுக்காமலே, ஒரு பச்சைக் கோடு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி உதட்டை மட்டும் அசைத்தார்.

"நிஜம்தான் அத்தான். வந்தார். இங்கதான் இருக்கார். கையை ஆட்டாதீங்க."