வாசலில் கிடந்த செருப்புகள்

மாலை ஆறு இருபது. சித்ரலேகா மூன்றாம் மாடி ஏறி வந்தபோது அவள் வீட்டு வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது.

ஆண் செருப்பு. குதிகால் தேய்ந்தது. உள்ளே போனவர் கழற்றி விட்டதுபோல முன்பக்கம் கதவைப் பார்த்து இருந்தது. ஓரங்களில் சேறு, இன்னும் காயாத சேறு. மழை பெய்து மூன்று வாரமாகிறது. கட்டடத்தைச் சுற்றிலும் சில வருடங்களுக்கு முன்வரை வயல்; இப்போது தார்ச்சாலை, உடற்பயிற்சிக்கூடம், மஞ்சள் விளக்குகள் தொங்கும் ஒரு காபிக் கடை. தன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் அந்த ஜோடியை ஓரம் தள்ளினாள். கதகதப்பாக இருந்தது.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே யாரும் இல்லை. புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில், சற்றுமுன் யாரோ அடுப்பிலிருந்து இறக்கியதுபோல, காய்ச்சிய பாலின் வாசனை. அவள் பால் வாங்குவதில்லை. கடுங்காப்பிதான்.

நாற்பத்தெட்டு வயதில் வாங்கிய வீடு. டவுணில் அப்பா வீட்டை விற்று வந்த பங்கும், ஆசிரியை வேலையில் சேர்த்த பணமும் முழுக்க இதற்கே போயின. அதுவரை தம்பி கோமதிசங்கர் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். அவள் கூடத்துக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. பேச்சு நிற்கும், அவ்வளவுதான்.

மறுநாள் தம்பி போனில் கேட்டான். "எக்கா, வீடு எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்குடே."

"ஒத்தையில இருக்க ஒருமாதிரி இருந்துச்சுன்னா வந்துரு. பின் ரூம்புல சாமான்தான் போட்டிருக்கோம். ஒதுக்கிரலாம்."

"நல்லா இருக்குன்னுதான சொல்லுதேன்" என்றாள்.

புதன்கிழமை நான்கு ஜோடிகள் கிடந்தன. ஒன்று குழந்தையுடையது. அவள் கீழே இறங்கிப்போய்க் காவலாளி செந்தூர்பாண்டியிடம் கேட்டாள்.

"மூணாம் மாடிக்கு யாரெல்லாம் வாராவ?"

"அங்கன நீங்க ஒராளுதான டீச்சர். மத்தவுக எல்லாம் வெல ஏறட்டும்னு பூட்டிப் போட்டிருக்காவ. எனக்குத் தெரியாம ஒரு பூன ஏறிருமா?" சிரித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "பாலு காச்சிட்டு ஒரு மாசம் வீட்ட இருட்டாப் போட்டுட்டியளே. எங்கிட்டச் சொல்லிருந்தா அந்தியில ஒரு வெளக்காவது பொருத்திருப்பேம்லா."

அவள் பால் காய்ச்சியது கார்த்திகையின் கடைசி நாளில். நல்ல நேரம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. தம்பியின் கார் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது. "வாசல்ல நின்னு எல்லாரையும் உள்ள கூப்பிடுங்கம்மா" என்றார் ஐயர். ஆளில்லாத மாடிப்படியைப் பார்த்து, "எல்லாரும் உள்ள வாங்க" என்றாள். குரல் படிப்படியாகக் கீழே இறங்கிப் போயிற்று. பால் பொங்கியது. மறுநாள் மார்கழி. மார்கழியில் குடிபோவதில்லை என்பதால் பூட்டிவிட்டுப் போனாள். தை பிறந்துதான் சாமான்களோடு வந்தாள்.

வியாழன் மாலை, படியேறும்போதே பேச்சுக்குரல்கள் கேட்டன. நிறையப் பேர், தாழ்ந்த குரலில், சாப்பாட்டுக்குப் பிந்தைய சாவகாசத்தில். இடையில் ஒரு குழந்தையின் சிணுங்கல். சாவியைத் துளைக்குள் விட்டாள்.

பேச்சு நின்றது.

திறந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. அந்த நிசப்தம் அவளுக்குப் பழக்கமானது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகவில்லை. எதிரே காபிக் கடையில் உட்கார்ந்தாள். பக்கத்து மேசையில் இளைஞர்கள் கோப்பைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருட்டத் தொடங்கியது. மூன்றாம் மாடியில் அவள் வீட்டு பால்கனி விளக்கு எரிந்தது. ஒரு கை நீண்டு கொடியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தது. அவசரமில்லாமல். உதறி. மடித்து.

போனில் தம்பியின் எண்ணை எடுத்தாள். பின்னறை நினைவுக்கு வந்தது. சிமென்ட் அலமாரி, ஒற்றைக் கட்டில், கூடத்துக்குப் போகும் கதவு. போனைப் பைக்குள் போட்டாள்.

என் வீடு. எழுந்தாள்.

செந்தூர்பாண்டி நாற்காலியில் இல்லை. டீக்குப் போயிருப்பான்.

முதல் மாடியில் ஒன்றுமில்லை. இரண்டாம் மாடி திருப்பத்தில் செருப்புகள் தொடங்கின. படிக்கு இரண்டு ஜோடி, சுவர் ஓரமாக, வரிசையாக. எல்லாம் மேலே பார்த்து. எல்லாவற்றிலும் சேறு. ஒதுங்கி ஏறினாள். வாசலில் தரை தெரியவில்லை. தன் செருப்பை விட இடமில்லை. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

பால் வாசனை.

சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள்.

தள்ளினாள். மறுபடியும்.

தன் வீட்டு அழைப்பு மணியை அவள் இதுவரை அழுத்தியதில்லை. அழுத்தினாள்.

உள்ளே பேச்சு நின்றது. ஈரக் கால்கள் நடந்து வரும் ஓசை. தாழ்ப்பாள் விலகியது.

கூடத்தில் விளக்கில்லை. படிக்கட்டு வெளிச்சம் தரையில் விழுந்த அளவுக்குப் பாதங்கள் தெரிந்தன. சம்மணமிட்டு அமர்ந்தவர்களின் பாதங்கள், சுவரிலிருந்து சுவர்வரை, நெருக்கி. பெரியவை, சிறியவை. வெளுத்து, தோல் சுருங்கி, நெடுநாள் வயல் நீருக்குள் கிடந்தவைபோல. ஒன்றும் அசையவில்லை.

கதவைத் திறந்தவள் சித்ரலேகாவின் நைட்டியை உடுத்தியிருந்தாள். ஈரக் கையை அதில் துடைத்துக்கொண்டாள். சித்ரலேகாவின் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"யாரு வேணும்?"