திராட்சை வாசனை

கட்டுகள் எல்லாம் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தன. ஆனாலும் வார்டு முழுக்க, அழுகத் தொடங்கிய திராட்சையின் இனிப்பு வாசனை மிதந்தது. தீப்புண்ணில் பச்சைச் சீழ் பிடித்தால் வரும் வாசனை. நர்ஸ் ஹெர்மினியா முகமூடியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். லிமாவின் பனிமூட்டம் சன்னல்களில் சாம்பலாக அப்பிக்கிடந்த அந்த மதியத்தில், தியோடோசியாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கறுப்புத் திரை போட்ட பரிசோதனை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

கழுத்திலிருந்து இடுப்புவரை வெந்துபோனவள் தியோடோசியா. செத்த கிருமிகளைக் கொண்டு தயாரித்த தடுப்பூசியை வார்டிலேயே அவளுக்குத்தான் முதலில் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்து ஊதா விளக்கை ஏற்றினாள் ஹெர்மினியா. அந்த ஒளியில் கிருமி பச்சையாக மின்னும். புண் மின்னவில்லை.

"ஊசி வேலை செய்யுது, தியோ. நீ பொழச்சுட்ட."

"அப்ப இந்த நாத்தம் எங்கேருந்து வருது, சிஸ்டர்?"

கதவு திறந்தது. காலையிலிருந்து வார்டில் காத்துக்கிடந்த தியோடோசியாவின் புருஷன் அபுந்தியோ உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டான். வாசனை தொண்டைவரை இறங்கியது.

"அடுப்பு வெடிச்சுதுன்னு சொல்லுடின்னேன். போலீஸ்ல என்னடி சொன்ன?"

"மண்ணெண்ணெய ஊத்துனது நீதான்னு சொன்னேன்."

அவளைக் கொளுத்தியபோது அவன் உள்ளங்கைகளும் வெந்திருந்தன. சுற்றியிருந்த கந்தைத்துணியை உதறிவிட்டு மனைவிமேல் பாய்ந்தான். ஊதா ஒளியில் இரண்டு கைகளும் பச்சையாகத் தகதகத்தன.

ஹெர்மினியா குறுக்கே விழுந்தாள். அந்தக் கைகள் அவள் கழுத்தைப் பிடித்தன. சூடு. பிசுபிசுப்பு. மூச்சு இல்லை. பச்சை அவன் மணிக்கட்டைத் தாண்டி ஏறுவதைக் கண்டாள். முழங்கை. தோள். கன்னம். கடைசியில் கண்களின் வெள்ளை.

தியோடோசியா எழுந்து நின்றாள். இரும்பு முக்காலியைத் தூக்கி அவன் மண்டையில் இறக்கினாள். எலும்பு நொறுங்கிற்று. மறுபடியும் இறக்கினாள். அவன் விழுந்த பிறகும் இறக்கினாள்.

"போதும், தியோ! செத்துட்டான்."

முக்காலி தரையில் உருண்டது. தியோடோசியா பின்வாங்கினாள்.

"சிஸ்டர்... உங்க கழுத்து."

சுவர்க்கண்ணாடியில் ஹெர்மினியா பார்த்தாள். கழுத்தைச் சுற்றிப் பச்சை விரல் தடங்கள். பஞ்சால் துடைத்தாள். அழியவில்லை. நகத்தால் தோலையே கிழித்தாள். ரத்தத்துக்கு அடியிலும் பச்சை.

அபுந்தியோ தரையில் அசையாமல் கிடந்தான்.

கண்ணாடியில், அந்த விரல்கள் மெல்ல இறுகத் தொடங்கின.