கழுத்துவரை தீபாவளி

தீபாவளி அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு மங்களம் பெரியம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டால், அந்த வீட்டில் ஒரு தலையும் தப்ப முடியாது. ஆயர் தாவாரிலிருந்து வருஷா வருஷம் அவர் சுங்கை சிப்புட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வருவதே அதற்குத்தான். முறுக்கும் அதிரசமும் அப்புறம்தான்.

முதலில் அப்பா மாட்டினார். லோரி ஓட்டுகிறவர், ஆள் நல்ல உயரம். ஆனாலும் பெரியம்மா முன்னால் சமர்த்தாகக் குனிந்து, உச்சந்தலையில் எண்ணெய் வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டார்.

"அடுத்தது யாரு? ஷர்வின்! வாடா என் ராசா!"

ஏழு வயது ஷர்வின் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்து மணையில் உட்கார்ந்தான். அவனுடைய நெற்றியில், முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே, ஊதா நிறத்தில் ஒரு கோடு பளபளத்தது.

அதைப் பார்த்ததும் அவனுடைய அக்கா குமுதாவுக்குத் திக்கென்றது. பதினொரு வயது குமுதாவுக்கு அந்தக் கோட்டின் கதை முழுவதும் தெரியும்.

முந்தாநாள் மத்தாப்புப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஷர்வின், வாசல் கேட்டில் போய் முட்டிக்கொண்டான். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. அப்பா இருவரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு டவுனிலிருந்த கிளினிக்குக்குப் பறந்தார். அங்கே லோரி வழியை அடைத்து நின்றதால், அதை நகர்த்தி வைக்க அவர் வெளியே போக வேண்டியதாயிற்று. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றவள் குமுதாதான்.

"ஊசி வேணாம் டாக்டர்! தையல் வேணாம் டாக்டர்!" என்று ஷர்வின் கட்டிடமே அதிரக் கத்தினான்.

டாக்டர் புனிதவதி சிரித்தார். "ஊசியும் இல்ல, நூலும் இல்ல. கம் வச்சு ஒட்டப் போறேன்."

ஷர்வினின் அழுகை சட்டென்று நின்றது. "ஸ்கூல்ல பேப்பர் ஒட்டுற கம்மா?"

"அதெல்லாம் காயத்துல படவே கூடாது. கடையில விக்கிற எந்தக் கம்மும் கூடாது. இது உடம்புக்குன்னே செஞ்ச மருந்து."

அவர் காயத்தைக் கழுவிச் சுத்தம் செய்தார். இரண்டு ஓரங்களையும் விரலால் சேர்த்துப் பிடித்து, அந்த ஊதா நிற மருந்தை மேலே மெல்லப் பூசினார். குமுதா அறுபது எண்ணி முடிப்பதற்குள் அது காய்ந்தேவிட்டது!

"அக்காதானே நீ? நல்லாக் கேட்டுக்க," என்றார் டாக்டர். "இது ஒரு வாரம் பத்து நாள்ல தானா உரிஞ்சு விழும். அதுவரைக்கும் சொறியக் கூடாது, ஊற வைக்கக் கூடாது. முக்கியமா, எண்ணெயோ களிம்போ பட்டா கம் இளகிடும். காயம் மறுபடியும் திறந்துக்கும்."

திரும்பி வரும்போது குமுதா அத்தனையையும் அப்பாவிடம் ஒப்பித்தாள். லோரி சத்தத்தில் கேட்டதோ இல்லையோ, அவர் நன்றாகத் தலையாட்டினார். வீட்டிலோ அம்மா அதிரசம் சுடுகிற மும்முரத்தில் இருந்தார். "சரி சரி, பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது பெரியம்மாவின் உள்ளங்கை நிறைய நல்லெண்ணெய். அது ஷர்வினின் உச்சந்தலையை நோக்கி இறங்கியது.

பெரியம்மாவை எதிர்த்து அந்த வீட்டில் யாருமே பேசியதில்லை. ஆனால் தம்பியின் நெற்றியிலிருந்து மறுபடியும் ரத்தம் வழிவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பாய்ந்து போய்த் தன் இரண்டு கைகளையும் அவன் தலைக்கு மேலே குடையாகப் பிடித்தாள். எண்ணெய் முழுவதும் அவள் கையில் கொட்டியது.

"என்னாடி இது?" பெரியம்மாவின் குரல் உயர்ந்தது.

"வேணாம் பெரியம்மா. எண்ணெ வழிஞ்சு நெத்தியில பட்டா காயத்த ஒட்டின கம் விட்டுப்போயிடும். டாக்டர் சொன்னாங்க."

"தீபாவளிக்கு எண்ணெ வைக்காதன்னு எந்த டாக்டர் சொல்லுவாங்க? அவங்களும் இந்நேரம் எண்ணெ வச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க. நகருலா!"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பெரியவங்ககிட்ட அப்படிப் பேசாத குமுதா," என்றார். ஆனால் அவருடைய கண்ணும் கவலையோடு மகனுடைய நெற்றிக்குத்தான் போனது.

குமுதா கையை எடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"பெரியம்மா, நேத்து புது முறுக்குப் போத்தல்ல ஸ்டிக்கர் வரவே மாட்டேன்னுச்சே. எப்படி எடுத்தீங்க?"

"அதுக்கென்ன இப்போ? ரெண்டு சொட்டு எண்ணெ விட்டுத் தேச்சேன். அந்தக் கம்மு அப்படியே வழுக்கிக்கிட்டு…"

பெரியம்மா பாதியில் நிறுத்தினார். தன் கையைப் பார்த்தார். ஷர்வினின் ஊதாக் கோட்டைப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"அலாமாக்! பிள்ளை நெத்தியப் பொளந்திருப்பேனே!"

அப்பா துண்டோடு வெளியே வந்தார். நடந்ததைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். "ஆமாக்கா, லோரியில வரும்போது சொன்னா. எனக்குத்தான் மறந்துபோச்சு."

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்கும்போது, ஷர்வினின் உதடு பிதுங்கியது.

"அப்போ எனக்கு மட்டும் எண்ணெக் குளியல் இல்லையா? எனக்குத் தீபாவளி இல்லையா?"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. குமுதாவுக்கு மனசு கேட்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உனக்குக் கழுத்துவரைக்கும் தீபாவளி. கை, காலு, முதுகு எல்லாத்துலயும் எண்ணெ. தலைக்கு மட்டும் அடுத்த மாசம்."

"அப்போ நீ?"

"எனக்கும் கழுத்துவரைக்கும்தான். சரியா?"

ஷர்வின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். பெரியம்மா இருவருடைய கால்களிலும் எண்ணெய் தேய்த்துவிட்டார். உள்ளங்காலில் தேய்க்கும்போது கூச்சம் தாங்காமல் இருவரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அம்மா ஷர்வினைக் கழுத்துக்குக் கீழே குளிப்பாட்டி, முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். சாமி கும்பிட்டபோது அப்பா திருநீற்றைக் கோட்டில் படாமல் அவனுடைய கழுத்தில் பூசினார்.

பத்து மணிக்கெல்லாம் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் முறுக்குத் தட்டை நீட்டுவதற்கு முன்பே பெரியம்மா கதையை நீட்டினார்.

"நான்தான் தப்புப் பண்ணப் பார்த்தேன். இந்தப் பிள்ளை கையைக் குறுக்கே போட்டுத் தடுத்துட்டா. என் தங்கச்சி மக! புத்தியப் பாருங்க!"

குமுதாவுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. பெரியம்மா நாலாவது தடவை சொன்னபோது, அதிரசத் தட்டோடு கொஞ்சம் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுச் சீனி மாமா ஷர்வினைப் பார்த்ததும் குனிந்தார். "இதென்னடா நெத்தியில? ஊதாக் கலர்ல கோடு போட்டிருக்க?" என்று விரலை நீட்டினார்.

ஷர்வின் இரண்டடி பின்னால் குதித்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"தொடாதீங்க மாமா! இது எங்க அக்கா காப்பாத்தின நெத்தி!"