அரை இஞ்சு விலகல்

“உப்புக் கரிக்குதுங்க!”

கதவைத் திறந்த சிநேகாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எதிரே ஒருவன்... கசங்கிய டீ-ஷர்ட், ஒரு பக்கம் மட்டும் குத்திட்டு நிற்கும் தலைமுடி, கன்னத்தில் தலையணை பதித்த கோடு. மத்தியானம் ஒரு மணிக்கு இது என்ன கோலம் என்று சிரிப்பு வந்திருக்கும்... அவன் அவ்வளவு கோபமாக இல்லாமல் இருந்திருந்தால்.

“இன்னா சார் கரிக்குது?”

“உங்க தண்ணிங்க! நான் கீழ் வீடு. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து இப்பத்தான் கண்ணை மூடுனேன். சொட்டுச் சொட்டா மூஞ்சி மேல விழுகுது. வாயில பட்டுச்சு... உப்பு!”

கோபத்திலும் ‘ங்க’ போடுகிற ஆள். கரூர்ப் பக்கமாக இருக்கும். கண்கள் மட்டும் செக்கச் சிவந்து தூக்கத்துக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தன.

சிநேகா திரும்பி ஹாலில் இருந்த மீன் தொட்டியைப் பார்த்தாள். அது அவள் மாட்டிய தொட்டி. கூடுவாஞ்சேரியில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், பார்த்தசாரதி சார் வீட்டு ஹாலில், ஐந்தடி நீளக் கடல் மீன் தொட்டி. போன வாரம்தான் குழாயெல்லாம் பொருத்தி முடித்திருந்தாள். சார் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போயிருந்தார். மீனுக்குத் தீனி போடச் சொல்லி இவளிடம் சாவியைக் கொடுத்தவர், “ஒழுகாம ஓடட்டும். என் ஃபிரெண்ட்ஸ் நாலு பேர் வீட்லயும் உன்னையே போடச் சொல்றேன்” என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த நாலு வீட்டைத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். படாளம் வீட்டில் அண்ணன் ஜெரோம் தினமும் அதே பாட்டு. “பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குக் குழா வேல? செங்கல்பட்டு ஜவுளிக்கடைல பில்லு போட ஆள் கேக்குறாங்க. ஏசில குந்திகினு செய்லாம்.” இன்னும் ஒரு வேலை சொதப்பினால் பில்லுதான் போட வேண்டும். பத்து வருஷத் தொழிலுக்கு முழுக்குத்தான்.

அதனால்தான் வாய் அவளைக் கேட்காமலேயே பேசியது. “என் வேலைல ஒழுவாது சார். வெளிச் செவுத்துல வெடிப்பு வுட்டிருக்கும். மழத் தண்ணி எறங்கிகினு கீது. போயி அதப் பாருங்க.”

“மழைத் தண்ணி எந்த ஊருலங்க உப்புக் கரிக்கும்?”

“கடல் காத்து சார்... உப்பு இருக்கத்தான் செய்யும்.”

“கடல் முப்பது கிலோமீட்டருங்க! இந்தத் தண்ணில மாங்கா ஊறுகாயே போடலாம்!”

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது... அடக்கிக்கொண்டாள். அவனும் அடக்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. “வந்து நீங்களே பாத்துக்குங்க” என்று வழியை விட்டாள்.

தொட்டிக்கு அடியில் இருந்த மர அலமாரியைத் திறந்து டார்ச் அடித்தாள். மேல் தொட்டியிலிருந்து, தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டிக்கு இறங்கும் குழாய். நடுவில், கழற்றி மாட்டுவதற்காக வைத்த யூனியன். அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. பலகை ஊறி, சுவரோரமாகத் தண்ணீர் கீழே இறங்கியிருந்தது.

அவன் எட்டிப் பார்த்தான். “குழாய் கோணலா இருக்குதுங்களே?”

கண் சொருகினாலும் இது மட்டும் தெரிகிறது பார் இவனுக்கு! ஆமாம், கோணல்தான். அரை இஞ்சு. போன வாரம் விடிவதற்கு முன்பே சதுரங்கப்பட்டினம் கரைக்குப் போய், இருபது கேன் கடல் தண்ணீர் பிடித்து, லோடு ஆட்டோவில் கொண்டுவந்து, லிஃப்ட் ஓடாததால் மூன்று மாடி சுமந்து... கடைசியில் இந்தக் குழாயைப் பூட்டும்போது மேலதும் கீழதும் நேர்க்கு நேர் வரவில்லை. அறுத்து மறுபடி ஒட்டியிருக்க வேண்டும். கை ஓய்ந்துபோயிருந்தது. இழுத்துப் பிடித்து முறுக்கிவிட்டாள். அப்போதைக்கு நின்றது. ஆனால் இழுத்து வைத்த குழாய் தன் இடத்துக்கே திரும்பத்தானே பார்க்கும்? ரப்பர் வாசர் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாயைப் பிளக்கும். இது தெரியாதவளா அவள்?

“லூஸா இருக்கும். ஒரு முறுக்கு முறுக்குனா...” அவன் கையை நீட்டினான்.

“அய்யோ, தொடாதீங்க! இன்னும் முறுக்குனா வெடிச்சிரும். அப்பால மொத்தத் தண்ணியும் உங்க கட்டில் மேலதான்.”

சடாரென்று கையை இழுத்துக்கொண்டான். அடுப்பைத் தொட்ட பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

“போய்த் தூங்குங்க சார். நான் பாத்துக்கறேன்.”

“எங்கங்க தூங்குறது? மெத்தை நனைஞ்சு போச்சு. ஏதாவது வேலை குடுங்க... செய்றேன்.”

குறுக்கே போகிற துண்டு அரை இஞ்சு குட்டை. தவறு அவ்வளவுதான். பம்ப்பை நிறுத்தி, மீன்களுக்குக் காற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தத் துண்டை அறுத்து எடுத்தாள். புதிதாக ஒன்றை வெட்டி, ஒட்டுகிற சொல்யூஷன் தடவாமல் சும்மா பொருத்திப் பார்த்தாள். யாரும் இழுக்காமலேயே மேல் குழாய் கீழ்க் குழாயின் நேரே வந்து நின்றது. குழாய்க்கும் அது நுழைகிற வளைவான எல்போவுக்கும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டாள்.

“கோடு எதுக்குங்க?”

“சொல்யூஷன் போட்டப்புறம் யோசிக்க டைம் இருக்காது சார். கோட்டுக்குக் கோடு சேந்தா நேரா கீதுனு அர்த்தம். நான் சொருவுறேன்... நீங்க அமுக்கிப் புடிச்சிகினு இருங்க. வுட்டா வெளிய தள்ளிக்கும். முப்பது எண்ற வரைக்கும் கையெடுக்கக் கூடாது.”

சின்ன அலமாரி. இரண்டு தலை நுழைந்தால் மூச்சு விடக்கூட இடமில்லை. குழாயைப் பிடித்த அவன் கை மேல் அவள் கை. வேறு எங்கே வைப்பாளாம்? “ஒண்ணு... ரெண்டு...” வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பதினைந்தில் நிமிர்ந்தாள். அந்தச் சிவந்த கண்கள் குழாயைப் பார்க்கவில்லை. “பதினெட்டு... பத்தொம்பது...” என்ன இது? முப்பத்திரண்டு வயதில், வேர்வையும் சொல்யூஷன் நெடியுமாக உட்கார்ந்துகொண்டு, நெஞ்சு இப்படியா அடித்துக்கொள்ளும்?

“முப்பது ஆயிடுச்சுங்க” என்றான் மெதுவாக. “நீங்க நாப்பத்தொண்ணுல இருக்கீங்க.”

விருட்டென்று எழுந்ததில் தலை பலகையில் ‘டங்’கென்று இடித்தது. அவன் முதல் தடவையாகச் சிரித்தான்.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் காயணும். தண்ணி வுடக் கூடாது” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சுங்க உங்களுக்கு?”

யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. “தூங்க எங்க சார் டைமு? தெனம் ஒரு வூடு. சனிக்கெழமயானா விடிகாலைல சதுரங்கப்பட்டினம் கரைல கேன் புடிக்கணும்.”

“எனக்கு டைம் இருக்குது. தூக்கம்தான் வரமாட்டேங்குது” என்றான். பேர் ஹரிகிருஷ்ணன் என்று போகும்போதுதான் சொன்னான்.

மறுநாள் மத்தியானம் பம்ப்பைப் போட்டாள். ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும். மூன்று மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். காகிதம் காய்ந்தே கிடந்தது. அப்பாடா என்று எழுந்தபோது பார்த்தசாரதி சார் பெட்டியோடு உள்ளே வந்தார்.

“கீழ் வீட்டுச் சீலிங் ஊறியிருக்குன்னு வாட்ச்மேன் சொன்னாரும்மா. நம்ம தொட்டியோன்னு பயந்துட்டேன். ஹரிகிருஷ்ணனையே கேட்டேன். வெளிச் சுவர்ல வெடிப்பாம், மழைத் தண்ணியாம். நல்லவேளை!”

அவள் சொன்ன அதே பொய்! அதை எடுத்து, துடைத்து, அவளுக்காகவே சொல்லியிருக்கிறான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் நாலு வீடும் கையில். இருந்திருக்கலாம். ஆனால் முகமெல்லாம் எரிந்தது.

“மழத் தண்ணி இல்ல சார். தொட்டித் தண்ணிதான். போன வாரம் கோணலா இழுத்துப் பூட்டிட்டேன். தெரிஞ்சேதான் பண்ணேன். இப்ப சரியாக்கிட்டேன்.”

சார் கொஞ்ச நேரம் கத்தினார். அப்புறம் பெருமூச்சு விட்டார். “இந்தத் தொட்டிய நீயே பாத்துக்கோ. அந்த நாலு வீடு... கொஞ்ச நாள் போகட்டும்மா.” கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று சிநேகாவுக்குத் தெரியாதா? “அப்ப ஜவுளிக்கடைக்கே பில்லு போடப் போறேன் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஒரு மாடி இறங்கி, படபடவென்று கதவைத் தட்டினாள்.

“உங்கள யாரு சார் பொய் சொல்லச் சொன்னது?”

“நீங்க ரொம்ப அசந்து போயிருந்தீங்க... அதனால...”

“அதனால பாவம் பாத்தீங்களா? பத்து வருசமா எவனும் எனக்காகப் பேசல. எனக்குத் தேவையும் இல்ல!”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நின்று கேட்கவில்லை அவள். மழையில் நனைந்துகொண்டே வண்டியைக் கிளப்பினாள். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். மழை என்று நினைத்துக்கொள்ளட்டும் பார்க்கிறவர்கள்.

மறுநாள் சனிக்கிழமை. சதுரங்கப்பட்டினம் கரையில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. தூறல். ஆட்டோக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று மூன்றாவது கேனை அமுக்கியபோது, பக்கத்தில் ஒரு கை நீண்டது.

“குடுங்க.”

கழுத்தில் ஆபீஸ் அட்டை, முழங்கால் வரை சுருட்டிய பேன்ட், அதே சிவந்த கண்கள்!

“இன்னா சார்... இங்க?”

“ஷிப்ட் முடிஞ்சு நேரா பஸ் ஏறிட்டேங்க. உங்களைக் கேக்காம நான் பேசியிருக்கக் கூடாது. தப்புத்தான். ஆனா பாவம் பாத்துச் சொல்லலைங்க.” அலை வந்து தள்ளியது, தடுமாறி நின்றான். “ஒருத்தருக்காகப் பொய் சொல்ற அளவுக்கு எனக்கு யாரையும் புடிச்சதில்ல. உங்களைப் புடிச்சிருச்சு.”

கேன் நிரம்பி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

“நாலு வூடும் போச்சு” என்றாள் சம்பந்தமே இல்லாமல்.

“தெரியும். பில்லு போடப் போறீங்களா? நீங்க அந்த வேலைக்குப் போகப் போறதா சார் சொன்னாரு.”

“போவல. அண்ணன் கிட்ட நேத்தே சொல்லிட்டேன். நாலு வூடு போனா இன்னொரு நாலு வூடு தேடிக்கறேன்.” நிறுத்தினாள். சொல்லித்தான் ஆக வேண்டும். “நாங்க கிறிஸ்டியன். எங்கப்பா அடுத்தவன் நெலத்துல கூலிக்குப் போயி எங்கள வளத்தாரு. உங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்க.”

“மாட்டாங்க” என்றான் உடனே. “ஒரு வருஷமாவது சண்டை நடக்கும்.”

பொய்யாக ஒரு சமாதானம் சொல்லியிருந்தால் திரும்பி நடந்திருப்பாள். அவன் சொல்லவில்லை. அதில்தான் அவள் உடைந்துபோனாள்.

“எனக்குச் சண்ட போடத் தெம்பில்ல ஹரி... நான் ரொம்ப அசந்துட்டேன்.”

அப்பாவிடம், அண்ணனிடம், யாரிடமும் சொல்லாத வார்த்தை. சொல்லிவிட்டு, கையிலிருந்த கேனை அவன் பக்கம் தள்ளினாள்.

“நீங்க போட வேண்டாம். நான் போடுறேன். இப்ப போய்க் கொஞ்ச நேரம் உக்காருங்க.”

போய் உட்கார்ந்தாள். ஈர மணலில், கால் நீட்டி. அவன் ஒவ்வொரு கேனாக நிரப்பித் தூக்கிக்கொண்டு, சரிந்து, எழுந்து, ரோட்டுக்கும் கடலுக்குமாக நடந்தான். பத்து வருஷத்தில் முதல் தடவையாக வேறொருவர் சுமக்க, அவள் சும்மா இருந்தாள். எழுந்து போய் ஒரு கை கொடுக்கலாமா என்று ஒருதரம் தோன்றியது. கொடுக்கவில்லை.

கடைசிக் கேனோடு அவன் எதிரே வந்து மூச்சு வாங்கினான்.

“நேத்து கோவம் உங்க மேல இல்ல” என்றாள் மணலைப் பார்த்தபடி. “உங்கள எனக்கும் புடிச்சிருச்சு... அதான் பயந்துட்டேன்.”

“அலைச் சத்தம்ங்க. சரியாக் கேக்கல.”

“அய்ய, ஆசையப் பாரு! நல்லாவே கேட்டுச்சு உங்களுக்கு.”

“கேட்டுச்சுங்க” என்றான். கண் இரண்டும் சிரித்தன. “இன்னொரு தடவை சொல்லுங்க.”

சிநேகா நிமிர்ந்து, அவன் கண்ணைப் பார்த்து, மறுபடியும் சொன்னாள்.