அசரியாவின் குரல்

1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை, சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் துரைராஜின் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் வழக்கத்தைவிட அதிக இரைச்சலோடு வந்து நின்றது. சாலமோன் செய்தித்தாளை மடித்து வைத்தார். ஏதாவது மர்மம் கையில் அகப்பட்டுவிட்டால் துரைராஜ் வண்டியை அப்படித்தான் ஓட்டுவார். போன தடவை அந்த மர்மம், எதிர்வீட்டில் காணாமல் போன ஒரு சேவலாக இருந்தது. அது தானாகவே திரும்பி வந்ததில் துரைராஜுக்கு இன்னும் வருத்தம்தான்.

சாலமோன் குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசமாட்டார். துரைராஜ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர். ஓய்வு நேரத்தில் சாலமோனுக்கு உதவியாளர். இந்தப் பதவி அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது. அன்று அவருடைய பின்சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். பெயர் யூனிஸ். இருபது வயது, அதே எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். துரைராஜ் ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவள் கையிலிருந்த மஞ்சள் பையில் ஒரு பழைய டேப் ஸ்பூல் இருந்தது.

காப்பி வந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"சார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில்ல என் கல்யாணத்துக்கு முதல் ஓலை, அதான் அறிவிப்பு, வாசிக்கப் போறாங்க. அசரியா மகள் யூனிஸ்னு பாதிரி ஐயர் எல்லார் முன்னாடியும் வாசிப்பார். நான் அவர் மகள்தானான்னு அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

விஷயத்தை அவள் மெதுவாகச் சொன்னாள். அப்பா அசரியா தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பௌதிக ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தவர். 1960 டிசம்பரில் விஷக்காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டார். அவளுக்கு அப்போது ஒரு வயது. அதன் பிறகு அம்மா ஞானம்மாள் சேலையூரைக் காலி செய்து பல்லாவரத்துக்குப் போய், தையல் வேலை செய்து அவளை வளர்த்தாள். அப்பாவைப் பற்றி யூனிஸ் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்திருந்தாள். அவர் சைக்கிளில் போகும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வாராம். தோசையின் முறுகிய ஓரத்தை முதலில் பிய்த்துத் தின்பாராம். கெட்டுப்போன ரேடியோ எதைக் கண்டாலும் திறந்து பார்த்துவிடுவாராம். இப்படிப்பட்ட செய்திகளும் ஒரு கல்யாண போட்டோவும்தான் அவளுக்கு அப்பா.

மார்ச்சில் ஞானம்மாளும் இறந்துபோனாள். அவளுடைய டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் இந்த ஸ்பூல் கிடைத்தது. "உங்கப்பா பேசினது இதுல இருக்கு" என்று அம்மா எப்போதோ ஒரு தடவை சொன்னது யூனிஸுக்கு ஞாபகம் வந்தது. போட்டுக் கேட்க அவர்களிடம் மெஷின் இருந்ததில்லை. துரைராஜ் யாரிடமோ கெஞ்சி ஒன்றை இரவல் வாங்கினார். முதல் தடவை கேட்கும்போது குடும்பத்தோடு கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, யூனிஸ் அதைப் பெரியப்பா வேதசிரோமணியின் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

"பெரியப்பா பாதியிலேயே எழுந்துட்டார் சார். இது என் தம்பி குரல் இல்லைன்னார். கல்யாணத்துல அப்பா ஸ்தானத்துல நிக்கிறதா சொல்லியிருந்தார். இப்போ பார்க்கலாம்னு சொல்றார்."

துரைராஜ் ரெக்கார்டரை ஓடவிட்டார். கரகரப்புக்கு நடுவே ஓர் இளைஞனின் மெல்லிய குரல் அவசர அவசரமாகப் பேசியது: "யூனிஸ் குட்டி, அப்பாகிட்ட வா. இதுக்குள்ள பேசு. எங்க, அப்பா சொல்லு." குழந்தை ஏதோ மிழற்றியது. பள்ளிக்கூடச் சிறுமியைப் போல ஒரு பெண் சிரித்து, "உங்க சத்தத்துல அவ பயந்துக்கப் போறா" என்றாள். அது அம்மாதான் என்றாள் யூனிஸ். பிறகு எங்கோ பக்கத்தில் கோயில் மணி கணீரென்று அடித்தது. மணி ஓய்ந்ததும் அவள் மெஷினை நிறுத்தினாள்.

அந்தக் குரல் தன்னை அப்பா என்று சொல்லிக்கொள்கிறது. அது அசரியாவின் குரல் இல்லையென்றால் வேறு யார்? சாலமோன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. துரைராஜின் கண்ணில் அந்தக் கேள்வி பளபளவென்று தெரிந்தது. யூனிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் சாலமோனும் துரைராஜும் கிழக்குத் தாம்பரத்தில் வேதசிரோமணியைப் பார்க்கப் போனார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், முப்பது வருஷமாகக் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். சுருதி பிசகிப் பாடுகிறவனை எத்தனை பேர் நடுவில் நின்றாலும் காதைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவார் என்று சபையில் பெயர். வில்லனைப் பார்க்கும் ஆவலோடு போன துரைராஜுக்கு ஏமாற்றம்தான். வேதசிரோமணி அழுது ஓய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"என் தம்பி பாஸ் பாடுவான் சார், கட்டைக் குரல். அவன் கீழே இறங்கினா உட்கார்ந்திருக்கிற பெஞ்சு அதிரும். டேப்புல பேசுறவன் யாரோ சின்னப் பையன். ஞானத்தை நான் குறை சொல்லலை. ஆனா என் காதை நான் என்ன செய்ய?"

சாலமோன் துருவித் துருவிக் கேட்டதும், மனசில் இருந்த பெயரையும் அவர் சொல்லிவிட்டார். தாவீது. அந்தக் காலத்தில் அசரியாவின் அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்த கல்லூரி மாணவன். மெல்லிய குரல். இப்போது கோயம்புத்தூரில் எங்கோ வேலையாக இருக்கிறான்.

"டேப்புல இருக்கிற பெண் குரல்?" என்று கேட்டார் சாலமோன்.

"அது ஞானம்தான். அவளும் கொஞ்சம் கீச்சுனுதான் கேட்டா. அப்போ சின்னப் பொண்ணு, இருபத்திரண்டு வயசு."

அசரியாவின் வீடு எங்கே இருந்தது என்று சாலமோன் விசாரித்தார். சேலையூர்க் கோயிலுக்குப் பின்னாலேயே ஓர் ஓட்டு வீடு. மணி அடித்தால் வீட்டுக்குள் பாத்திரம் அதிரும். அதைச் சொல்லும்போது வேதசிரோமணி தன்னை மறந்து சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தானும் தம்பியும் அங்கே கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, எதிர் மைதானத்து வேப்பமரத்தடியில் சாயங்காலம்வரை பாடிக்கொண்டிருப்பார்களாம். அப்போது அந்தப் பக்கமெல்லாம் முந்திரித் தோப்பு. இருட்டிவிட்டால் அரிக்கேன் விளக்கோடுதான் நடக்க வேண்டும். அந்தத் தெருவுக்குக் கரண்டு வந்ததே அசரியா போன பிறகுதான்.

வெளியே வந்ததும் துரைராஜ் கோயம்புத்தூருக்கு ரயில் நேரம் சொல்ல ஆரம்பித்தார். சாலமோன் வண்டியைக் கோயிலுக்கு விடச் சொன்னார்.

கோயிலில் மணியடிப்பவர் அப்பாதுரை. மீசை முளைத்த நாளிலிருந்து அந்தக் கயிற்றை இழுப்பவர். துரைராஜ் வண்டியில் கொண்டுவந்திருந்த ரெக்கார்டரில் மணி ஒலித்த இடத்தைக் கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார்.

"இது நம்ப மணி இல்ல சார். நம்ப மணி நல்லா தடியா பேசும். இது இன்னாவோ ஸ்கூல் மணியாட்டம் கீது."

துரைராஜ் வெற்றியோடு சாலமோனைப் பார்த்தார். ஆளும் வேறு, ஊரும் வேறு என்று அவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார். சாலமோன் அந்த இடத்தை மறுபடியும் போடச் சொன்னார். இந்தத் தடவை அப்பாதுரையின் முகம் மாறியது.

"இரு சார். கடைசில ஒரு அதிர்வு வருது பாரு, சொம்புல கல்லைப் போட்டு ஆட்டினாமாரி. அது நம்ப மணியோட வெடிப்பு. அந்தக் காலத்திலேர்ந்தே கீது. இந்த அதிர்வு வேற எந்த மணிலயும் நான் கேட்டதில்ல." அவர் குழம்பிப்போனார். "சத்தம் நம்பளுது இல்ல, வெடிப்பு மட்டும் நம்பளுது. பேஜாரா கீதே."

சாலமோன் துரைராஜிடம் ஒரு வேலை சொன்னார். தெருவில் வீடு வீடாகப் போய், டார்ச் விளக்கில் போட்டுத் தீர்ந்துகொண்டிருக்கும் பேட்டரிகளைச் சேகரிக்க வேண்டும். புதிது வேண்டாம். துரைராஜ் ஏனென்று கேட்காமல் புறப்பட்டார். உதவியாளருக்கு உரிய அடக்கம் என்று அதை அவர் பிறகு வர்ணித்தாலும், உண்மையில் அவருக்கு ஒன்றுமே புரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கோயிலில் கூடினார்கள். யூனிஸ் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேதசிரோமணி இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தார். அப்பாதுரை மணிக்கயிற்றின் கீழ் நின்றார். ரெக்கார்டர் ஒரு ஸ்டூல் மேல் இருந்தது. அது கரண்டிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். துரைராஜின் பையில் பேட்டரிகள் கடகடத்தன.

"நான் தாவீதைத் தேடிப் போகவில்லை" என்று சாலமோன் ஆரம்பித்தார். "தேவைப்படவில்லை. இந்த டேப்பில் மூன்று குரல் இருக்கிறது. அசரியா குரல் மெலிசாக இருக்கிறது. ஞானம்மாள் குரல் மெலிசாக இருக்கிறது. மணியின் குரலும் மெலிசாக இருக்கிறது. ஐயா, நீங்கள் நல்ல காது உள்ளவர். பெண் குரல் மெலிந்ததை வயசு என்று விட்டுவிட்டீர்கள். ஆண் குரல் மெலிந்ததை மட்டும் வேறு ஆள் என்று எடுத்துக்கொண்டீர்கள்."

வேதசிரோமணி ரெக்கார்டரைப் பார்த்தார்.

"மனுஷனுக்குச் சளி பிடிக்கலாம், வயசாகலாம். வெண்கல மணிக்கு அதெல்லாம் கிடையாது. வார்த்த அன்றைக்கு இருந்த சுருதிதான் இன்றைக்கும். அந்த வெடிப்பு இது இந்த மணிதான் என்கிறது. சுருதி இல்லை என்கிறது. அப்படியானால் மாறியது மணி அல்ல, டேப்பின் வேகம். அசரியா வீட்டில் கரண்டு இல்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து அவர் மெஷினை இரவல் வாங்கி வந்திருப்பார்; அது பேட்டரியில்தான் ஓடியிருக்க வேண்டும். பேட்டரி தளர்ந்தால் சக்கரம் மெதுவாகச் சுற்றும். மெதுவாகப் பதிந்ததை நாம் சரியான வேகத்தில் ஓட்டினோம். அதனால்தான் எல்லோரும் கீச்சுக் குரலில் அவசரமாகப் பேசினார்கள்."

"இது உங்க ஊகம் சார்" என்றார் வேதசிரோமணி. ஆனால் அவர் எழுந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"சரிபார்க்க மணி இருக்கிறது, உங்கள் காதும் இருக்கிறது."

பழைய பேட்டரிகளைப் போட்டு டேப்பை மணிச் சத்தத்துக்கு ஓட்டினார்கள். அப்பாதுரை கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். வேதசிரோமணி கேட்டுவிட்டு, டேப்பின் சுருதி இன்னும் மேலே நிற்கிறது என்றார். துரைராஜ் இரண்டு பேட்டரியை மாற்றினார். இப்போது கீழே போய்விட்டது. ஒன்றை மாற்றி ஒன்றைப் போட்டு, மறுபடியும் மணியடித்து, மறுபடியும் கேட்டார்கள். வேளை கெட்ட வேளையில் மணி அடிப்பதைக் கேட்டு வாசலில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தவர்களை அப்பாதுரை ஒரு முறைப்பில் அனுப்பி வைத்தார். கடைசியில் டேப்பின் மணியும் கோபுரத்து மணியும் ஒரே சுருதியில் கலந்து, ஒரே மாதிரி அதிர்ந்து அடங்கின. வேதசிரோமணி கையை உயர்த்தி, போதும் என்று சைகை செய்தார்.

துரைராஜ் டேப்பை முதலிலிருந்து ஓட்டினார்.

"யூனிஸ் குட்டி, அப்பாகிட்ட வா."

கனமான, சாவகாசமான குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். வேதசிரோமணி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "டேய் அசரியா" என்றார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். ஞானம்மாளின் குரல், பல்லாவரத்துத் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து யூனிஸ் கேட்டு வளர்ந்த அதே குரலில், உங்க சத்தத்துல அவ பயந்துக்கப் போறா என்றது.

அழுது முடித்ததும் வேதசிரோமணி யூனிஸின் பக்கத்தில் போய் நின்றார். ஓலை வாசிக்கும்போது தானும் முன்பெஞ்சிலேயே உட்காரப்போவதாகவும், அவள் சம்மதித்தால் கல்யாணத்தன்று கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போவது தான்தான் என்றும் சொன்னார். யூனிஸ் தலையசைத்தாள். ஞானத்திடம்தான் இனி மன்னிப்புக் கேட்க வழியில்லை என்றார் அவர்.

டேப்பில் மணி அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு வெறும் கிறீச்சொலிதான் என்று சொல்லி யூனிஸ் நிறுத்தப் போனாள். சாலமோன் அவளைத் தடுத்தார்.

"பேட்டரி முழுசாகத் தீரும் சமயம் அது. அந்தக் கிறீச்சொலியும் பேச்சாக இருக்கலாம். துரைராஜ், பையில் இருப்பதிலேயே மோசமானதைப் போடும்."

துரைராஜ் மாற்றிப் போட்டார். சக்கரங்கள் நொண்டி நொண்டிச் சுற்றின. கிறீச்சென்ற சத்தம் தடித்துத் தடித்துக் கீழே இறங்கி, சொற்களாகப் பிரிந்தது.

"ஞானம், பேட்டரி எறங்கிடுச்சு போல. சக்கரம் நிக்கப் போகுது. பரவால்ல, நாளைக்குப் புதுசு போட்டுப் பேசிக்கலாம். பாப்பாகிட்ட எவ்வளவோ பேசணும் எனக்கு."

டேப் ஓடி முடிந்து வால் பட்பட்டென்று அடித்தது. யாரும் மெஷினை நிறுத்தப் போகவில்லை. மெஷினைக் கொண்டுவந்த மறுநாள் காலையிலேயே அசரியா காய்ச்சலோடு படுத்துக்கொண்டு அதைத் தன்னிடம் கொடுத்து, கல்லூரியில் சேர்த்துவிடச் சொன்னதை வேதசிரோமணி தாழ்ந்த குரலில் சொன்னார். அதில் என்ன பதிவு செய்தான் என்று அவர் கேட்கவில்லை. தம்பியும் சொல்லவில்லை.

எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க ஊர் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுக்கிற யூனிஸ், சுற்றிக்கொண்டிருந்த ஸ்பூலின் பக்கமாகக் குனிந்தாள். "பரவால்லப்பா" என்றாள்.